மூவர் செய்த படமும் ஒருவர் பெற்ற பெயரும்

திரைப்படம் கூட்டுக்கலை என்பதை மறுப்பவர் இலர். ஆயினும், ஒரு படத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதனை ஒரு தனிமனிதனின் பெயருக்குள் அடக்கிவிடுவதே வழக்கமாக உள்ளது. கூட்டுழைப்பை வாயளவிற் போற்றி, ஏட்டளவில் மறக்கும் இம்முரண்பாட்டிற்கு, 1956ஆம் ஆண்டில் மொஸ்கோ அரச திரைப்படக் கல்லூரி மாணவர் ஆக்கிய 'கொலைஞர்கள்' என்னும் குறும்படம் தக்க சான்றாகும். ஏறத்தாழ 20 நிமிடம் ஓடும் அப்படம் இன்று பெரும்பாலும் 'அந்திரேய் தார்க்கோவ்ஸ்கியின் முதற்படம்' என்றே அறிமுகஞ் செய்யப்படுகிறது. உண்மையில் அதனை நெறிப்படுத்தியோர் மூவர்: தார்க்கோவ்ஸ்கி, அலெக்சாந்தர் கோர்டன், மரிக்கா பெய்க்கு. மூவரும் மிகயில் ரோமிடம் பயின்ற மாணவர்.

அவர்கள் தெரிந்தெடுத்த கதை, அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1927இல் வெளியிட்டது. ஒரு சிற்றூர் உணவகத்துள் இரு கூலிக் கொலைஞர் நுழைகின்றனர். மாலைதோறும் அங்கு உணவருந்த வரும் முன்னாட் குத்துச்சண்டை வீரன் ஒருவனைக் கொல்லக் காத்திருக்கின்றனர். அவன் வராமையால் வெளியேறுகின்றனர். நிக் அடம்ஸ் என்னும் இளைஞன் ஓடிச்சென்று அவனை எச்சரிக்கிறான். அவனோ, செய்வதற்கு எதுவுமில்லையெனச் சுவர்ப்பக்கம் முகந்திருப்பிக் கட்டிலிற் கிடக்கிறான். இளைஞன் உணவகத்துக்குத் திரும்புவதோடு கதை முடிகிறது.

மாணவர் முயற்சிக்கு இதைவிடப் பொருத்தமான கதை அரிது. இடங்கள் இரண்டு, மாந்தர் சிலர், நேரம் ஒரே மாலைப்பொழுது. கதையின் பெரும்பகுதி உரையாடலாகவே அமைந்துள்ளது. தம்மிடமுள்ள வசதியின் எல்லையை அறிந்து, அவ்வெல்லைக்குள் முழுமைபெறத்தக்க பொருளைத் தேர்வதே திட்டமிடலின் முதற்படி. இதே கதையை 1946இல் ஹொலிவூட்டிற் படமாக்கிய றொபேட் சியோட்மாக், கதையைத் தொடக்கமாக மட்டுங் கொண்டு, கொலைக்கான காரணத்தைப் புதிதாகக் கற்பித்து நீண்ட படமாக்கினார். மாணவரோ மூலக்கதையின் மூன்று காட்சிகளோடு நின்றனர். காரணம் கூறப்படாதபோது நம் கவனம் கொல்லப்படவிருப்பவனின் கடந்தகாலத்தில் நிலைகொள்வதில்லை. கொலையை எதிர்பார்த்தும் தடுக்க இயலாத சுற்றத்தாரின் அச்சத்தின்மீதே நிலைகொள்கிறது. அச்சமே இப்படத்தின் சமுதாய உள்ளடக்கம்.

வேலைப் பங்கீடு கருத்தூன்றி நோக்கத்தக்கது. உணவகத்தில் நிகழும் முதற் காட்சியையும் மூன்றாங் காட்சியையும் தார்க்கோவ்ஸ்கியும் பெய்க்குவும் நெறிப்படுத்தினர். வீரனின் அறையில் நிகழும் இடைக்காட்சியைக் கோர்டன் நெறிப்படுத்தினார். அதே கோர்டன், ஏனைய இருவரின் காட்சிகளில் உணவக ஊழியன் ஜோர்ஜாக நடித்தார். ஓரிடத்திற் கட்டளையிட்டவர் மற்றோரிடத்திற் கட்டளைக்குப் பணிந்தார். தார்க்கோவ்ஸ்கியும் சீழ்க்கையடித்தவாறு உணவகத்துக்கு வரும் வாடிக்கையாளனாகச் சிறிது நேரந் தோன்றுகிறார். வீரனாக நடித்தவர் உடன்பயின்ற வசீலி சுக்சின். பின்னாளில் சிறந்த எழுத்தாளராகவும் நெறியாளராகவும் விளங்கியவர். நிக் அடம்ஸாக நடித்த யூலி பைட் மூன்று காட்சிகளிலும் வருபவர். ஆதலால் இருவேறு நெறியாள்கையின்கீழ் ஒரே பாத்திரத்தைக் காக்கும் பொறுப்பு அவருடையதாயிற்று. கமெராவை இயக்கியோரும் அல்பிரெடோ அல்வாரெஸ், அலெக்சாந்தர் றிபின் என இருவர்.

கூட்டுவேலை என்றால் எல்லோரும் எல்லாவற்றையுஞ் செய்வது என மயங்குவோர் நம்மிடையே உளர். அத்தகைய குழுவில் முடிவெடுப்பவர் எவருமிலர்; தவறு நேர்ந்தாற் பொறுப்பேற்பவரும் இலர். ஒவ்வொருவரின் பொறுப்பும் வரையறுக்கப்பட்டு, எல்லாப் பொறுப்புகளும் ஒரே திட்டத்துக்குக் கட்டுப்படும்போதே கூட்டுவேலை பொருளுடையதாகிறது.

இவ்வொழுங்கிற்கு அக்கல்லூரியில் ஒரு மரபும் இருந்தது. கல்லூரி 1919இல் நிறுவப்பட்டது. புரட்சியின் பின்னர் உள்நாட்டுப் போரினாற் படச்சுருள் கிடைத்தற்கரிதாக இருந்த காலத்தில், அங்கு கற்பித்த லெவ் குலெசோவ் தம் மாணவரைக் கொண்டு 'படச்சுருளில்லாப் படங்கள்' பயிற்றினார். காட்சிகளைத் துண்டு துண்டாகப் பகுத்து, கமெரா முன் நடிப்பதுபோன்றே மேடையில் நடித்துக் காட்டினர். பின்னாளிற் புகழ்பெற்ற புதோவ்கின் அக்குழுவில் ஒருவர். வறுமை அவர்களுக்கு ஓர் உண்மையைப் புகட்டியது: படத்தொகுப்பு, படப்பிடிப்புக்குப் பின்னர் தொடங்குவதன்று, திட்டமிடும்போதே தொடங்குவது.

'கொலைஞர்கள்' கதையிலும் தொகுப்பின் சிக்கல் காலத்தைப் பற்றியது. காத்திருத்தலே அங்கு நிகழ்ச்சி. சுவர்க் கடிகாரம் 20 நிமிடம் முந்தி ஓடுகிறது. குறித்த நேரம் வந்து கழிகிறது. ஒரு துண்டை வேண்டுமளவுக்கு மேல் நீட்டினால் அலுப்பு. முன்னரே வெட்டினால் அச்சம் பிறவாது. திரைப்படத்தின் மூலப்பொருள் காலமே என்று பிற்காலத்தில் தார்க்கோவ்ஸ்கி வற்புறுத்திய கொள்கையின் வித்தினை இம்மாணவப் பயிற்சியிற் காண்பது தவறாகாது. ஆனால் அவ்வித்து முளைத்தது தனிநிலத்திலன்று.

படத்தின் குறையையும் கூறுதல் வேண்டும். இம்மாணவர் காட்டும் அமெரிக்கா, வாழ்ந்தறிந்த அமெரிக்கா அன்று. நூலிலும் இசைத்தட்டிலும் அறிந்தது. தார்க்கோவ்ஸ்கி சீழ்க்கையடிக்கும் 'பறவைநாட்டுத் தாலாட்டு' என்ற ஜாஸ் மெட்டு 1952இல் இயற்றப்பட்டது, கதையோ 1927க்குரியது. இரவல் வாழ்க்கையின் இத்தகைய அடையாளங்கள் படத்தின் நம்பகத்தைச் சிறிது தளர்த்துகின்றன. எனினும் அச்சமும் கையறுநிலையும் எந்நாட்டு மக்களுக்கும் அந்நியமானவை அல்லவாதலின், படம் வெறும் போலியாகாமல் தப்புகிறது.

இனிப் பெயர்ப் பிரச்சினைக்கு வருவோம். மரிக்கா பெய்க்கு கிரேக்கப் பெண். நாசி ஆக்கிரமிப்புக்கெதிரான மக்கள் போரில் ஆயுதந் தாங்கியவர். பின்னர் சோவியத் நாட்டில் வாழ்ந்து திரைப்படம் பயின்றவர். உணவகக் காட்சிகளின் வலிமையைத் தார்க்கோவ்ஸ்கிக்கு மட்டும் உரியதாக்கும் விமர்சகர், அவற்றை அவரோடு சேர்ந்து நெறிப்படுத்திய இப்பெண்ணை ஒரு சொல்லாற் கடந்துவிடுகின்றனர். இது கவனக்குறைவு மட்டுமன்று. மேதை ஒருவனே கலையைப் படைக்கிறான் என்னும் கருத்து, பின்வந்த புகழைக் கொண்டு முன்நிகழ்ந்த உழைப்பைத் திருத்தியெழுதுகிறது. தார்க்கோவ்ஸ்கியின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. பிறர் பங்கை மறைத்துக் காக்கவேண்டிய அளவுக்கு அப்பெருமை மெலிந்ததுமன்று.

இன்று கையடக்கத் தொலைபேசியே கமெராவாகிவிட்டது. படச்சுருள் தீர்ந்துவிடும் என்ற அச்சம் மாணவர்க்கு இல்லை. அதனாலேயே, எடுத்துக் குவித்துவிட்டுப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்ற மனப்பான்மை வளர்கிறது. மலிந்த கருவி திட்டமிடலின் தேவையை நீக்கிவிடவில்லை. திட்டமின்மையின் விளைவை இறுதிநாள் வரை மறைத்து வைக்கிறது, அவ்வளவே. குறும்படம் எடுக்கப் புகும் மாணவர் குழு, கமெராவைத் தொடுமுன் ஒரு தாளில் இரண்டினை எழுதட்டும்: எந்தக் காட்சிக்கு எவர் பொறுப்பு என்பது ஒன்று, படத்தின் முடிவில் எவரெவர் பெயர் வரவேண்டும் என்பது மற்றொன்று. அத்தாளை வழிகாட்டும் ஆசிரியர் பேணி வைத்தல் நன்று. புகழ் எவரைத் தேடி வரும் என்பதை அன்று எவரும் அறியார்.