வின்சென்ட்: பொம்மையை முந்தும் குரல்

‘வின்சென்ட்’ (1982) ஏறத்தாழ ஆறு நிமிடம் ஓடும் கறுப்பு வெள்ளை ஸ்டாப் மோஷன் திகில் குறும்படம். டிஸ்னியில் ஓவியராக இருந்த டிம் பர்ட்டன், ரிக் ஹைன்ரிக்ஸின் துணையோடு இதை எடுத்தார். பொம்மைகளை அசைத்தவர் ஸ்டீவன் சியோடோ. திகில்பட நடிகர் வின்சென்ட் பிரைஸாகவே தன்னைப் பாவித்துக்கொள்ளும் ஏழு வயதுச் சிறுவனின் கதை, பர்ட்டன் எழுதிய செய்யுளாகப் பிரைஸின் குரலிலேயே ஒலிக்கிறது. அந்தக் குரல்தான் படத்தின் உயிர் என்பது ரசிகர்களின் வாதம். ஆனால் படத்தின் பெருங்குறையும் அதுதான்.

காட்சியமைப்பில் குறை சொல்ல இடமில்லை. 1920இல் வெளிவந்த ‘டாக்டர் காலிகரி’ படத்தின் வழிவந்த கோணல் சுவர்களும் நீண்ட நிழல்களும் அளவறிந்து கையாளப்பட்டுள்ளன. குச்சிக் கைகால், கலைந்த முடி, குழிவிழுந்த கண் என அந்தச் சிறுவனின் தோற்றம், பர்ட்டனின் பிற்காலப் பொம்மைகள் பலவற்றுக்கும் மூலம்.

ஸ்டாப் மோஷனில் ஒரு நொடிக்கு 24 பிரேம்கள். அவற்றுக்காகப் பொம்மையைக் கையால் சிறிது சிறிதாக நகர்த்திப் படம் பிடிக்க வேண்டும். உயிரற்றது அசைகிறது என்பதே இக்கலையின் அச்சம். அசையுமா அசையாதா என்று பார்வையாளர் காத்திருக்கும் இடைவெளியில்தான் அது பிறக்கிறது. ‘வின்சென்ட்’டில் அந்த இடைவெளியைச் செய்யுளின் சந்தம் நிரப்பிவிடுகிறது. அத்தையை மெழுகில் முக்கும் ஆசையைக் குரல் சொல்கிறது. திரையில் அத்தை மெழுகுக் கொப்பரைக்குள் இறங்குகிறாள். மனைவியை உயிரோடு புதைத்துவிட்டார்கள் என்று குரல் சொல்கிறது; சிறுவன் மண்ணைத் தோண்டுகிறான், அது அம்மாவின் பூச்செடிப் பாத்தி. சொன்னதையே காட்டுவதால் காட்சி செய்யுளுக்கு வரைந்த படமாகச் சுருங்குகிறது.

சிறுவனின் மனத்தைப் பிரைஸ் ஆட்கொண்டதால் அவர் குரல் ஒலிப்பதே பொருத்தம் என்பார்கள். அப்படியானால் அம்மா கண்டிக்கும் இடமாவது வேறு குரலில் ஒலித்திருக்க வேண்டும். கற்பனையை உடைக்க வரும் அவள் பேச்சும் பிரைஸின் வாயிலிருந்தே வருகிறது. வெளியுலகம் என்று ஒன்று இல்லாதபோது சிறுவன் எதிலிருந்து விலகிப்போகிறான் என்பதே தெரிவதில்லை. முடிவிலும் எட்கர் ஆலன் போவின் வரியை இரவல் வாங்கித்தான் அவன் தரையில் விழுகிறான். குரலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அழகான அரங்கம் மட்டுமே.

பால் பெர்ரியின் ஸ்டாப் மோஷன் குறும்படமான ‘சாண்ட்மேன்’ (1991) இதற்கு நேரெதிர். படுக்கைக்குப் போகும் சிறுவன், பறவை முகத்தோடு வந்து கண்களைப் பறித்துப்போகும் உருவம்; வசனம் கிடையாது. பொம்மையின் அசைவும் நிழலும் சின்னச் சின்ன ஓசைகளுமே அச்சத்தைச் சுமக்கின்றன. மண்ணால் செய்த உருவம் நம்மை ஆட்கொள்ளப் பேச்சு தேவையில்லை என்பதைத் தேனி மாவட்டத்தாருக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் நேர்த்திக்கடனாக எடுக்கப்படும் ஆயிரங்கண் பானை என்னும் மண்பானை, ஒரு சொல்லும் இல்லாமலே பார்ப்பவரை நிறுத்திவிடுகிறது.

கம்பத்திலோ சின்னமனூரிலோ களிமண்ணையும் கைப்பேசியையும் கொண்டு திகில் படம் எடுக்க முனையும் மாணவருக்கு ‘வின்சென்ட்’ தவறான முன்மாதிரி. பின்னணிக் குரலை ஒரு மணி நேரத்தில் பதிவுசெய்துவிடலாம். ஒரு பொம்மையைத் தயங்கவும் திரும்பவும் வைக்க நாட்கணக்கில் உழைக்க வேண்டும். ‘வின்சென்ட்’டைப் பின்பற்றுபவர் முதலில் கற்றுக்கொள்வது அந்த உழைப்பைக் குரலால் ஈடுகட்டத்தான்.