போகச் சொல்லும் நேரம்: கொள்ளிடக் கரையும் இலங்கை மலையகமும்

மேட்டூர் அணை 120 அடியில் நிறைந்து, வருகிற தண்ணீரெல்லாம் அப்படியே திறந்துவிடப்படும் நாட்களில் கொள்ளிடக் கரைக்கு ஒரு நன்மை உண்டு. வெள்ளம் அங்கே சொல்லிவிட்டுத்தான் வருகிறது. முக்கொம்பில் பிரிந்து, அணைக்கரை தாண்டி, கடலோரம் சேர்வதற்குள் மக்களை மேட்டுக்கு ஏற்ற அவகாசம் கிடைக்கிறது. 2018-லும் 2022-லும் வினாடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தபோது, ஆற்றுக்குள்ளேயே இருக்கும் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு போன்ற ஊர்களின் மக்களை அப்படித்தான் முகாம்களுக்கு அழைத்துப் போனார்கள்.

ஆனாலும் இத்தகைய ஊர்களில் சிலர் தண்ணீர் வாசலைத் தொடும்வரை கிளம்புவதில்லை. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி முதல் நாளே அறிவித்திருப்பார்கள். கிராம நிர்வாக அலுவலர் வாசலில் வந்து நின்று, "கெளம்புங்கம்மா, தண்ணி ஏறுது" என்பார். "மாட்ட யாரு சார் பாப்பா?" என்று பதில் வரும். படுகையில் நிற்கும் கத்தரியும் வெண்டையும் போனால் அடுத்த பருவம் பார்த்துக்கொள்ளலாம். கன்று ஈன்ற பசுவை விட்டுவிட்டு எப்படிப் படகேறுவது? அவர்களுக்கு வெள்ளம் தெரியாமல் இல்லை. விட்டுப்போவதற்கு யார் பொறுப்பு என்பதுதான் தெரியவில்லை.

இந்தியாவில் மக்களை வெளியேறச் சொல்லும் முடிவு கலெக்டருடையது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் அவர்தான். ஆபத்துப் பகுதிக்குள் யார் போகலாம், யார் கூடாது என்று கட்டுப்படுத்தும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. உத்தரவை மறுத்தால் ஓராண்டு வரை சிறை, மறுத்ததால் உயிர் போனால் இரண்டாண்டு வரை. சட்டத்தில் பலம் இருக்கிறது. ஆனால் எந்த அளவு தண்ணீருக்கு, எத்தனை மணி நேரம் முன்னதாக அந்தப் பலத்தைக் காட்டுவது என்பது அதிகாரியின் அனுபவத்திலும் துணிச்சலிலும்தான் நிற்கிறது. சீக்கிரம் சொல்லி வெள்ளம் வராவிட்டால் அடுத்த முறை யாரும் நகரமாட்டார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கும். தாமதித்தால் பழி வந்து சேரும்.

அந்தத் துணிச்சல் பலன் தந்ததும் உண்டு. 1977 நவம்பர் புயலில் நாகைப் பகுதியில் ஐநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறுவதற்கு முன்பே 80,000-க்கும் அதிகமானோர் முகாம்களில் இருந்தார்கள். உயிரிழப்பு பெருமளவு குறைந்தது. ஆனால் எச்சரிக்கையின் கவனமெல்லாம் கடலோரத்தில் இருந்தது. காற்றோ பட்டுக்கோட்டை, பேராவூரணி தாண்டிப் புதுக்கோட்டை வரை உள்ளே புகுந்து தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. சுவர் இடிந்தும் மரம் விழுந்தும் உட்பகுதி ஊர்களிலும் உயிர்கள் போயின.

இலங்கையின் அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் சுனாமிக்குப் பிறகு அதே 2005-ல் வந்ததுதான். ஆனால் மலையக மண்சரிவுக்கு அங்கே வேறொரு முறை பின்பற்றப்படுகிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைமானியைப் பார்த்து மூன்று நிலைகளில் எச்சரிக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. மழை என்றால் விழிப்பாக இருங்கள், 100 மி.மீ. என்றால் தயாராகுங்கள், 150 மி.மீ. தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மி.மீ. கொட்டினால், உடனே வெளியேறுங்கள். மலைச்சரிவு கொள்ளிடம் மாதிரி நாட்கணக்கில் அவகாசம் தராது. எண்ணை முன்கூட்டியே முடிவுசெய்து ஊருக்குச் சொல்லி வைத்தால்தான் நள்ளிரவில் ஒருவர் யோசிக்காமல் எழுந்து ஓட முடியும்.

எண் இருந்தால் மட்டும் போதாது என்பதற்குக் மலையகத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம் சாட்சி. அங்கிருந்து வெளியேற வேண்டும் என்று 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தார்கள். 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயன் வரிசைகளை மூடியபோது அந்தத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அங்கேயேதான் இருந்தன. வீடும் நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம்; வேலை அங்கே; வேறிடத்தில் ஒரு துண்டு மண்கூட இல்லை. போ என்று சொன்ன அரசு, எங்கே என்று சொல்லவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, எச்சரிக்கைகள் உரிய நேரத்தில் தமிழில் வரவில்லை என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. புரியாத மொழியில் வரும் சிவப்பு எச்சரிக்கை, வராததற்குச் சமம்.

காவிரி டெல்டாவில் வாசலுக்கு வந்து பொறுப்பேற்கும் அதிகாரி உண்டு, ஊருக்குத் தெரிந்த எண் இல்லை. மலையகத்தில் எண் உண்டு, எழுந்து போனவர்களுக்கு உத்தரவாதம் இல்லை. இரண்டும் ஓரிடத்தில் சேர வேண்டும். முக்கொம்பில் இத்தனை கன அடி போனால் இந்தத் திட்டு காலியாக வேண்டும் என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதிவைக்கலாம். உத்தரவு பகல் வெளிச்சத்தில் வரட்டும். இருட்டில் யாரும் மாட்டை அவிழ்த்துக்கொண்டு கரையேற முடியாது. முகாமுக்குப் பக்கத்திலேயே கால்நடைக்கு மேடும் தீவனமும் இருக்கட்டும். வெள்ளம் வராமல் போனாலும் இழந்த நாட்கூலியை அரசு தரட்டும். அந்தச் செலவை ஏற்கத் தயாராக இருக்கும் கலெக்டர்தான் அச்சமின்றிச் சீக்கிரம் உத்தரவிடுவார். அதைச் செய்யாத அரசு, கடைசி நேரத்தில் போலீஸை அனுப்பி மக்களை இழுத்துப்போவதற்கான தார்மிக உரிமையை இழந்துவிடுகிறது.