ஓர் உருபின் சான்று: ‘இயேசுவின் மனைவி நற்செய்தி’த் துணுக்கு பற்றிய மொழியியல் திறனாய்வு

1. முன்னுரை

பழம்பனுவல் ஒன்றின் உண்மைத்தன்மையைத் துணிவதற்கு மூவகைச் சான்றுகள் பயன்படுகின்றன. எழுதப்பட்ட தாளும் மையும் ஒரு வகை. எழுத்தின் வடிவம் மற்றொரு வகை. பனுவலின் மொழி மூன்றாம் வகை. முதலாவதை ஆய்வுக்கூடமும், இரண்டாவதைத் தொல்லெழுத்தியலும், மூன்றாவதை இலக்கணமும் ஆராய்கின்றன. இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்படும்போது எதற்கு முதன்மை தருவது என்னும் வினா, 2012 முதல் 2016 வரை விவிலிய ஆய்வுத்துறையில் கடுமையான விவாதத்திற்கு உள்ளாயிற்று. அவ்விவாதத்திற்குக் காரணமாக இருந்தது உள்ளங்கையில் அடங்கத்தக்க ஒரு பாப்பிரசுத் துணுக்கு ஆகும்.

இத்துணுக்கைப் பற்றி இறையியல், வரலாறு, பெண்ணியம் ஆகிய நோக்குகளில் மிகுதியாக எழுதப்பட்டுள்ளது. மொழியியல் நோக்கில் அது பெறவேண்டிய கவனத்தை மொழிபெயர்ப்பாளரிடமும் மொழியியலாரிடமும் பெறவில்லை. துணுக்கின் மொழியே அது போலி என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிட்டது என்பதும், அம்மொழிச்சான்றை ஆய்வுக்கூட முடிவுக்குப் பின்னால் நிறுத்தியது ஆய்வுமுறைப் பிழை என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்படுகின்றன.

2. துணுக்கும் அறிவிப்பும்

2012 செப்டம்பர் 18 அன்று உரோம் நகரில் நடைபெற்ற அனைத்துலகக் கோப்திக் ஆய்வு மாநாட்டில், ஆர்வர்டு இறையியல் பள்ளிப் பேராசிரியர் காரென் கிங் இத்துணுக்கை அறிமுகம் செய்தார். ஏறத்தாழ 4 செ.மீ. உயரமும் 8 செ.மீ. அகலமும் கொண்ட அதன் முன்பக்கத்தில் எட்டு வரிகள் காணப்பட்டன. பின்பக்கம் பெரிதும் தேய்ந்திருந்தது. மொழி, கோப்திக்கின் கிளைமொழிகளுள் இலக்கிய வழக்கில் முதன்மை பெற்ற சாகிதிக். நான்காம் வரியில் இயேசு தம் சீடரிடம் ‘என் மனைவி’ எனக் கூறத் தொடங்குகிறார். அத்துடன் வரி முறிந்துவிடுகிறது.

இயேசு மணமானவர் என்பதற்கு இது வரலாற்றுச் சான்று ஆகாது எனக் கிங் தெளிவாகவே கூறினார். பழங்காலக் கிறித்தவரிடையே திருமணம், துறவு, பெண்களின் சீடத்துவம் பற்றி நிகழ்ந்த கருத்துப்போரின் சுவடாகவே அவர் அதனைக் கருதினார். இவ்வெச்சரிக்கை பாராட்டத்தக்கது. எனினும் எட்டு முறிந்த வரிகளுக்கு ‘நற்செய்தி’ என்னும் நூற்பெயரைச் சூட்டியது அவரே. பெயர் சூட்டப்பட்ட கணத்திலேயே முழுநூல் ஒன்று இருந்தது என்னும் எண்ணம் படிப்போர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. உரையில் தரப்பட்ட எச்சரிக்கையைத் தலைப்பு அழித்துவிட்டது எனலாம்.

3. துணுக்கின் மொழியமைப்பு

கோப்திக் என்பது பண்டை எகிப்திய மொழியின் இறுதி வளர்ச்சிநிலை. கிரேக்க நெடுங்கணக்கோடு டெமாட்டிக் எழுத்திலிருந்து பெற்ற சில எழுத்துகளையும் சேர்த்து அது எழுதப்பட்டது. சுவடிகளில் சொற்களுக்கிடையே இடைவெளி விடும் வழக்கம் இல்லை. முன்னொட்டுகள் செறிந்த மொழியாதலின் பால், எண், இடம், காலம், வேற்றுமை முதலியன பெரும்பாலும் சொல்லின் முன்னே வந்து சேர்கின்றன. ஓரெழுத்து மாறினும் பொருள் மாறும் இவ்வமைப்பே பின்வரும் ஆய்வுக்கு அடிப்படை.

3.1 ஒட்டுப்பனுவல்

அறிவிப்பு வெளியான சில நாள்களிலேயே, டர்ஹம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் வாட்சன், துணுக்கின் தொடர்கள் பெரும்பாலும் தோமா நற்செய்தியிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவை எனக் காட்டினார். தோமா நற்செய்தி என்பது 1945இல் எகிப்தின் நாக் அம்மாடியில் கண்டெடுக்கப்பட்ட கோப்திக் நூல்களுள் ஒன்று. இயேசு கூறியனவாக 114 மொழிகளைக் கொண்டது.

ஐந்தாம் வரி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தோமா நூலில், இன்ன தன்மையுடையவன் தமக்குச் சீடனாக இயலாது என இயேசு கூறும் தொடர் வருகிறது. அத்தொடரின் முதலில் நிற்கும் ‘ஃப்’ என்னும் ஆண்பால் முன்னொட்டை ‘ஸ்’ என்னும் பெண்பால் முன்னொட்டாக மாற்றி, ‘அன்’ என்னும் எதிர்மறை இடைச்சொல்லை நீக்கினால், ‘அவள் எனக்குச் சீடராக இயலும்’ என்னும் பொருள் கிடைக்கிறது. துணுக்கின் ஐந்தாம் வரி இதுவே. இரண்டே மாற்றங்களில் ஒரு விலக்கு, பெண்ணின் சீடத்துவத்திற்கான ஒப்புதலாகிவிடுகிறது.

ஒரு பனுவல் மற்றொன்றின் தொடர்களை எடுத்தாள்வது பழங்காலத்திலும் வழக்கமே. அது மட்டுமே போலிமைக்குச் சான்றாகாது. கிங் தரப்பில் கூறப்பட்ட இவ்விடை ஏற்கத்தக்கதே. ஆகவே எடுத்தாளப்பட்டதா என்பதை விட, எந்தப் படியிலிருந்து எடுத்தாளப்பட்டது என்பதே தீர்மானிக்கும் வினாவாகிறது.

3.2 விடுபட்ட உருபு

இவ்வினாவிற்கு விடை துணுக்கின் முதல் வரியில் கிடைத்தது. தாய் தமக்கு உயிர் தந்ததாக இயேசு கூறும் தொடர் அது. தோமா நூலின் 101ஆம் மொழியிலும் அது உண்டு. தோமா சுவடியில் அதன் இறுதிப்பகுதி ‘அஸ்தி நாஎய் ம்ப்ஓன்ஹ்’ என அமைகிறது. ‘அஸ்தி’ என்பதில் ‘அ’ இறந்தகாலம் காட்டும். ‘ஸ்’ ‘அவள்’ என்பதைக் குறிக்கும். ‘தி’ ‘தா’ என்னும் வினை. ‘நாஎய்’ என்பது ‘எனக்கு’. இறுதிச் சொல்லில் ‘ம்’ செயப்படுபொருள் உருபு. ‘ப்’ ஆண்பால் ஒருமைச் சுட்டு. ‘ஓன்ஹ்’ ‘உயிர்’ என்னும் பெயர்.

துணுக்கில் ‘ம்’ இல்லை. தமிழில் ‘மரம் வெட்டினான்’ என்பதிற்போல ஐயுருபு தொக்கு நிற்பது இயல்பாதலின், தமிழ் அறிந்தோர்க்கு இது பெருங்குறையாகத் தோன்றாது. கோப்திக்கின் விதி வேறு. செயப்படுபொருள் வினையோடு இடைவெளியின்றி ஒட்டி வருமிடத்தில் உருபு வேண்டா. இடையில் வேறு சொல் புகுந்தால் உருபு வேண்டும். இத்தொடரில் ‘நாஎய்’ இடையே நிற்கிறது. ஆதலின் உருபின்றி வருவது இலக்கண வழு.

இவ்வழு படியெடுத்தோன் கைப்பிழையாக இருக்கலாகாதா எனக் கேட்கலாம். ‘ம்’, ‘ப்’ ஆகிய இரண்டும் இதழொலிகள்; அடுத்தடுத்து வருமிடத்தில் ஒன்று விடுபடுவது எளிது. இவ்வழு மட்டும் தனித்து நின்றிருந்தால் அவ்விளக்கம் போதுமானதே. ஆனால் இதே இடத்தில் இதே எழுத்து விடுபட்ட மற்றொரு படி இருந்தது. மைக்கேல் க்ராண்டின் என்பவர் தோமா நற்செய்திக்கு உருவாக்கிய வரியிடை மொழிபெயர்ப்பின் 2002ஆம் ஆண்டு மின்பதிப்பே அது. கோப்திக் சொற்களைப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் ஆங்கிலப் பொருளைத் தரும் அப்பதிப்பில், 101ஆம் மொழியில் ‘ம்’ அச்சுப்பிழையாக விடுபட்டிருந்தது. இதனை எடுத்துக்காட்டியவர் ஆண்ட்ரூ பெர்ன்ஹார்டு.

இரு படிகள் சரியான பாடத்தில் ஒத்திருப்பது அவற்றின் உறவை மெய்ப்பிக்காது. ஒரே பிழையில் ஒத்திருப்பதே உறவைக் காட்டும் என்பது மூலபாடத் திறனாய்வின் அடிப்படை நெறி. ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் யாவரும் கையாளும் நெறியும் இதுவே. பழஞ்சுவடி என்று கூறப்பட்ட ஒன்று, 2002ஆம் ஆண்டின் அச்சுப்பிழையைக் கொண்டிருப்பதற்கு இயல்பான விளக்கம் ஒன்றே உண்டு.

3.3 முரண்படும் வினைவடிவம்

ஆறாம் வரியில் பொல்லாத மனிதனைப் பற்றிய தொடர் ஒன்று வருகிறது. அதன் முதலில் நிற்கும் ‘மரெ’ என்பது, வழக்கமாக நிகழாததைக் குறிக்கும் எதிர்மறை வடிவமாகலாம், ஏவற்பொருளும் தரலாம். பின்னே வரும் ‘ஷாஃப்’ என்பது வழக்கமாக நிகழ்வதைக் குறிக்கும் உடன்பாட்டு வடிவம். ‘எவனும் செய்வதில்லை’ என்பதும் ‘அவன் செய்வது வழக்கம்’ என்பதும் ஒரே தொடரில் இணைந்துள்ளன. தோமா நூலின் 47ஆம் மொழியில் முன்னதும் 45ஆம் மொழியில் பின்னதும் தனித்தனியே காணப்படுகின்றன.

இம்முரணைத் தவிர்க்கக் கிங் ‘மரெ’ என்பதை ஏவலாகவும், பின்வரும் எழுத்துகளை ‘வீங்கு’ என்னும் பொருளுடைய வினையாகவும் கொண்டார். இலக்கணப்படி அது இயலாததன்று. ஆயினும் அருஞ்சொல் ஒன்றை வருவித்துப் பொருள் காண்பதை விட, இரு தொடர்களின் ஒட்டு எனக் கொள்வது எளிய விளக்கம். வழுவுள்ள தொடருக்குப் பொருள் தேடித் தருவது மொழிபெயர்ப்பாளரின் இயல்பு. தொடர் வழுவுடையதாகவே இருக்கலாம் என ஐயுறுவது திறனாய்வாளரின் கடமை. ஈண்டு முதலாமவர் இரண்டாமவரை வென்றுவிட்டார்.

4. ஆய்வுக்கூடச் சான்றும் அதன் எல்லையும்

2014 ஏப்ரலில் ஆர்வர்டு இறையியல் இதழில் கிங்கின் கட்டுரை ஆய்வுக்கூட முடிவுகளுடன் வெளியாயிற்று. கரிமக் காலக்கணிப்பு இருமுறை மேற்கொள்ளப்பட்டது. ஒன்று தாளின் காலத்தைக் கி.மு. 5 முதல் 3ஆம் நூற்றாண்டு வரையில் வைத்தது. கிறித்தவமே தோன்றாத காலம் அது. மற்றொன்று கி.பி. 7 முதல் 9ஆம் நூற்றாண்டு வரையில் வைத்தது. இரண்டாம் முடிவே ஏற்கப்பட்டது. மை, பழங்காலத்தில் வழங்கிய விளக்குக்கரி மையோடு ஒத்திருப்பதாக இராமன் நிறமாலை ஆய்வு காட்டியது.

இம்முடிவுகளைக் கொண்டு, துணுக்கு பழமையானது என்னும் செய்தி பரவியது. இவ்விடத்தில் ஒரு வேறுபாடு மறக்கப்பட்டது. தாளின் காலம் எழுத்தின் காலமன்று. எழுதப்படாத பழம்பாப்பிரசுத் துண்டுகள் விலைக்குக் கிடைக்கின்றன. கரியிலிருந்து மை செய்வதும் அரிதன்று. ஆய்வுக்கூடம் போலியைப் பொய்ப்பிக்க வல்லது; உண்மையை மெய்ப்பிக்க வல்லதன்று. அதே இதழில் பிரௌன் பல்கலைக்கழக எகிப்தியல் பேராசிரியர் லியோ டெபுய்ட் இலக்கண வழுக்களைச் சுட்டி மறுப்புரை எழுதினார். எனினும் கருவியளவீட்டின் துல்லியம் தந்த நம்பிக்கையின் முன் ஓரெழுத்து விடுபட்டது பற்றிய வாதம் அற்பமாகத் தோன்றியது.

5. கிளைமொழிச் சான்று

கருவியளவீடு ஏற்படுத்திய தோற்றத்தை மாற்றியதும் மொழிச்சான்றே. அதே உரிமையாளரிடமிருந்து வந்த மற்றொரு கோப்திக் துணுக்கும் அப்போது ஆராயப்பட்டிருந்தது. அதில் யோவான் நற்செய்தியின் பகுதி எழுதப்பட்டிருந்தது. எழுத்தும் எழுதுகருவியும் மையும் முதல் துணுக்கோடு ஒத்திருப்பதை நோக்கிய கிறிஸ்டியன் ஆஸ்கெலாண்டு, 2014இல் அதன் பாடத்தை ஆராய்ந்தார்.

அத்துணுக்கின் கிளைமொழி லைக்கோபாலிட்டன். இக்கிளைமொழி ஆறாம் நூற்றாண்டுக்கு முன்னரே வழக்கிறந்தது எனக் கருதப்படுகிறது. தாளின் காலமோ ஏழாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டது. இம்முரணுக்கும் மேலாக, 1923இல் எகிப்தின் காவ் என்னுமிடத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1924இல் ஹெர்பர்ட் தாம்சன் பதிப்பித்த யோவான் சுவடியோடு அது வரிதோறும் ஒத்திருந்தது. துணுக்கின் வரிகள், அச்சுவடியில் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் வரிகளின் முறிவிடங்களோடு பொருந்தின. இவ்வாறு பதினேழு முறிவிடங்கள் ஒத்திருந்தன. வெவ்வேறு அகலமுடைய இரு சுவடிகளில் இவ்வொப்புமை தற்செயலாக நிகழாது. அச்சுப்பக்கத்தைப் பார்த்து, வரிவிட்டு வரி படியெடுத்ததன் விளைவே அது.

இரு துணுக்குகளும் ஒரே கையால் எழுதப்பட்டவையாயின் ஒன்றன் போலிமை மற்றொன்றையும் சாரும். 2016இல் ஏரியல் சபார் என்னும் இதழாளர் துணுக்கின் உடைமை வரலாற்றைத் தேடிச் சென்று, அதற்குரிய ஆவணங்கள் நம்பத்தகாதன எனக் காட்டினார். சான்றுகள் போலி என்னும் பக்கமே சாய்கின்றன என்பதைக் கிங்கும் அதன்பின் ஒப்புக்கொண்டார்.

6. மதிப்பீடு

துணுக்கின் படங்களையும் பாடத்தையும் மொழிபெயர்ப்பையும் கிங் தொடக்கத்திலேயே யாவரும் காண வெளியிட்டார். பிறர் பிழை காண இயன்றது இவ்வெளிப்படைத்தன்மையால்தான் என்பது நோக்கத்தக்கது. மறைத்து வைக்கப்பட்ட பனுவலாயின் விடுபட்ட உருபை யாரும் கண்டிருக்க இயலாது. மறுபுறம், மறுத்தோர் யாவரும் சான்றை மட்டுமே நம்பவில்லை. எழுத்து அழகற்றது, பொருள் காலத்திற்கு மிக ஏற்றதாக உள்ளது என்பன போன்ற கூற்றுகளும் ஏளனத் தொனியும் சில மறுப்புகளில் கலந்திருந்தன. அவை ஐயத்தை எழுப்பலாம், முடிவைத் தரா. முடிவைத் தந்தவை ஓர் உருபும் பதினேழு வரிமுறிவுகளுமே.

இரண்டு குறைகள் கிங்கின் ஆய்வுமுறையில் எஞ்சுகின்றன. இலக்கண வழு ஒவ்வொன்றும் தனித்தனியே எடுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விளக்கம் தரப்பட்டது. வழுக்கள் யாவும் ஒரே மூலத்தைச் சுட்டுவது ஒருங்கே எடைபோடப்படவில்லை. துணுக்கை உடைமையாகக் கொண்டவர் யார், அவருக்கு அது எவ்வாறு கிடைத்தது என்னும் வினாக்கள் பனுவலுக்குப் புறம்பானவையாகக் கருதப்பட்டன. பனுவலின் வரலாறும் பனுவலே என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

7. முடிவுரை

வரியிடை மொழிபெயர்ப்பு, ஒரு மொழியைக் கற்போர்க்கு ஊன்றுகோலாக அமைந்தது. சொல்லுக்குச் சொல் பொருள் தெரிந்தால் தொடர் அமைத்துவிடலாம் என்று எண்ணியவர் கையில் அதுவே போலி செய்யும் கருவியாயிற்று. அகராதிப்பொருளைப் படியெடுக்க முடிந்தது. சொற்களுக்கிடையே இயங்கும் இலக்கண உறவைப் படியெடுக்க முடியவில்லை. அவ்வுறவைக் காட்ட வேண்டிய ஓரெழுத்து மூலத்தில் விடுபட்டபோது, விடுபட்டதை உணரும் மொழியறிவு எழுதியவரிடம் இல்லை.

மொழியியலார்க்கு இதனால் பெறப்படும் கடமை ஒன்று உண்டு. ஐயத்திற்குரிய பனுவல் ஒன்று கிடைக்கும்போது, அதன் இலக்கணம் கருவி ஆய்வுக்கு முன்னரே முழுமையாக ஆராயப்பட வேண்டும். அதன் முடிவும் தனிச்சான்றாக எடைபோடப்பட வேண்டும். வரியிடைப் பதிப்புகளை உருவாக்குவோர்க்கும் ஒரு கடமை உண்டு. ஓரெழுத்துப் பிழையும் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை எண்ணி அவர்கள் மெய்ப்பு நோக்க வேண்டும்.