மூன்று மணி நேரப் பட்டினி

ஜிம்மில் கடைசி செட் முடிந்ததும், வியர்வையைத் துடைப்பதற்கு முன்பே ஷேக்கரைக் குலுக்கத் தொடங்கிவிடுபவர்கள் உண்டு. அரை மணி நேரத்துக்குள் புரோட்டீன் உள்ளே போகாவிட்டால் அன்றைய ஒர்க்கவுட்டே வீண் என்று மாஸ்டர் சொல்லியிருப்பார். இது எந்த அளவு உண்மை என்று பார்க்க நடந்த சோதனைகளை நான் முடிவுக்காக மட்டும் படிப்பதில்லை. ஒரு கேள்வியை எப்படி மடக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில்தான் எனக்கு ருசி.

முதலில், யாரை வைத்துச் சோதிப்பது? புதிதாக எடை தூக்க வந்தவருக்கு எதைச் செய்தாலும் தசை ஏறும். சாப்பிட்ட நேரத்தின் பங்கு என்ன என்று அந்த வேகமான வளர்ச்சிக்குள் தேட முடியாது. வருடக்கணக்காகத் தூக்கியவரின் உடம்போ எளிதில் அசையாது. அதனாலேயே அவர் நல்ல ஆள். ஆனால் மாற்றம் சொற்பமாக இருப்பதால் அளப்பவருக்குத் தலைவலி.

2006இல் பால் கிரிப், ஆலன் ஹேய்ஸ் இருவரும் அப்படிப் பழகியவர்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே பானம், ஒரே அளவு. ஒரு குழு பயிற்சிக்குச் சற்று முன்னும் உடனே பின்னும் குடித்தது; இன்னொன்று காலையிலும் இரவிலும். 10 வாரம், கண்காணிப்பில் பயிற்சி. தொடையிலிருந்து தசைத் துணுக்கு எடுத்து நாரின் குறுக்களவு வரை பார்த்தார்கள். பயிற்சியை ஒட்டிக் குடித்தவர்களே ஜெயித்தார்கள். அழகான வேலைதான், ஆனால் பானத்தில் புரதத்தோடு கிரியேட்டினும் குளுக்கோஸும் கலந்திருந்தன. வென்றது எது என்று எப்படிச் சொல்வது? 2009இல் ஜே ஹாஃப்மன் குழு 33 பேரைக் கொண்டு, புரதப் பானத்தை இதேபோல் இரு விதமாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தது. அதுவும் 10 வாரம்தான். நேரத்தால் வித்தியாசம் எதுவும் வரவில்லை.

என் மனதில் முதலிடம் 2017இல் வெளியான பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவின் ஆய்வுக்கு. பழகிய ஆண்கள் 21 பேர், 25 கிராம் புரதம். ஒரு குழு பயிற்சிக்குச் சற்று முன் குடிக்கும், மற்றது முடிந்த கையோடு. இதோடு நிறுத்தியிருந்தால் சாதாரணச் சோதனை. முன்னால் குடித்தவர்கள் பயிற்சி முடிந்து மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டார்கள். பின்னால் குடிப்பவர்களுக்குப் பயிற்சிக்கு முந்தைய மூன்று மணி நேரம் பட்டினி. மாஸ்டர் சொல்லும் அந்த அரை மணி நேரம் நிஜமென்றால், முதல் குழு பத்து வாரமும் அதைத் தவறவிட்டபடியே இருந்தது. தோற்றே ஆக வேண்டும். தோற்கவில்லை. தசையின் தடிமனும் பலமும் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றன. எதிர்த்தரப்புக்கு முழு வாய்ப்பும் கொடுத்துவிட்டுப் பார்க்கும் அந்தக் கறார்தான் என்னை மயக்குகிறது. காரணமும் எளிது. முன்னால் குடித்த புரதம் செரிமானமாகி, பயிற்சி முடிந்த பிறகும் ரத்தத்தில் அமினோ அமிலங்களை விட்டுக்கொண்டிருக்கும். தசையின் பசியும் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடுவதில்லை.

21 பேர் என்பது சின்னக் கூட்டம், சிறு வித்தியாசம் அதில் கண்ணில் படாமல் நழுவியிருக்கலாம். ஆனாலும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013ஆம் வருடத் தொகுப்பும் இதே பக்கம்தான் சாய்ந்தது: நாள் முழுக்கச் சாப்பிட்ட மொத்தப் புரதத்தைக் கணக்கில் எடுத்ததும் நேரத்தின் பலன் மறைந்துபோனது. மொத்தம் எவ்வளவு என்பதற்கு 2018இல் வந்த இன்னொரு தொகுப்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 கிராம் என்றது. 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். பருப்பு, தயிர், முட்டை என்று அதை எட்டுவதே பெரும்பாடு. கடிகாரத்தைப் பார்க்க யாருக்கு நேரம்?

2013இல் வந்த ஜோசே அரேட்டாவின் ஆய்வையும் விட்டுவிட மனமில்லை. எல்லோருக்கும் ஒரே 80 கிராம் வே புரதம், பன்னிரண்டு மணி நேரத்தில் 10, 20, 40 கிராம் என மூன்று விதப் பங்கீடு. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை 20 கிராம் குடித்தவர்களிடம் புதிய தசைப் புரதம் அதிகம் உருவானது. நேர்த்தியான கணக்குதான். ஆனால் அரை நாளில் அளந்ததை மாதக்கணக்கில் வரும் வளர்ச்சி என்று விற்றவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு.

இந்த நான்கு சோதனைகளிலும் கலந்துகொண்டது ஆண்கள் மட்டுமே. பல வருடம் ஸ்குவாட் போட்டுப் பழகிய பெண்களுக்கும் யாராவது இதே மூன்று மணி நேரப் பட்டினியை வைத்துப் பார்க்கட்டும். படிக்க நான் தயார்.