எஃப்பை வி ஆக்கும் விதி: எவ்வளவு நம்பலாம்?

‘எஃப்’ அல்லது ‘எஃப்இ’ என்று முடியும் ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் அந்த ஈற்றை ‘வி’ ஆக்கி ‘இஎஸ்’ சேர்த்தால் பன்மை. பள்ளி இலக்கண நூல்களில் விடாமல் தொடரும் சூத்திரம் இது. லீஃப், லீவ்ஸ்; நைஃப், நைவ்ஸ். அதன் கீழேயே ரூஃப், சீஃப், புரூஃப், கல்ஃப் என்று விதிவிலக்குகளும் நிற்கும். மாணவர் இரண்டையும் நெட்டுருப் போட வேண்டும்.

விதியில் வலு இல்லாமல் இல்லை. ஒயிஃப், லைஃப், ஹாஃப், தீஃப், ஷெல்ஃப் என அன்றாடம் புழங்கும் சொற்களை அது சரியாகப் பிடிக்கிறது. அதற்கு வரலாற்று வேரும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வந்த எஃப், வி போலவே ஒலித்தது. பன்மை விகுதி உயிரொலியில் தொடங்கியதால் ஈற்றொலி மாறியது. நார்மானியர் வருகைக்குப் பின் பரவிய பிரெஞ்சு எழுத்து வழக்கம் அந்த ஒலிக்குத் தனி எழுத்தைத் தந்தது. ‘ஹவுஸ்’ என்பதன் ஈற்றொலி பன்மையில் அதிர்ந்து ஒலிப்பதும் இதே போன்ற மாற்றந்தான். எழுத்து மாறாததால் அதற்கு மட்டும் யாரும் சூத்திரம் எழுதவில்லை.

ஆனால் அந்த ஒலிமாற்றம் இன்று உயிரோடு இல்லை. பிரெஞ்சிலிருந்து வந்த சீஃப், புரூஃப், கல்ஃப் எல்லாம் வெறும் ‘எஸ்’ ஏற்றன. அப்படியானால் சொல்லின் பூர்வீகத்தை வைத்துப் பிரித்துவிடலாமா? அதுவும் முழுதாகக் கைகொடுக்காது. ரூஃப் ஆங்கிலத்தின் சொந்தச் சொல், ஆயினும் ரூஃப்ஸ்தான். ஸ்கார்ஃப் பிரெஞ்சு வழி வந்தது. ஆயினும் ஸ்கார்வ்ஸ் என்பதே பெருவழக்கு.

விதியையும் விலக்கையும் இடம் மாற்றி வைத்ததுதான் அடிப்படைக் கோளாறு. கட்டாயமாக ‘வி’ ஏற்கும் அடிச்சொற்கள் ஏறக்குறைய 13தான். செஃப், ஸ்பூஃப் போலப் பின்னாளில் வந்தவை ‘எஸ்’ மட்டுமே ஏற்கின்றன. கிளிஃப், ஷெரிஃப் போல இரட்டை எஃப்பில் முடிபவையும் பெரும்பாலும் அப்படியே. ஹூஃப், வார்ஃப், டுவார்ஃப் இரு வடிவமும் ஏற்கும். 1937இல் வெளியான ‘தி ஹாபிட்’ நாவலில் டுவார்வ்ஸ் என்று எழுதிய டோல்கீன், இலக்கணப்படி டுவார்ஃப்ஸ்தான் சரி என்று தாமே குறிப்பிட்டார். இன்று அகராதிகள் இரண்டையும் தருகின்றன. பட்டியலுக்குள் நிற்கும் சொல்லும் பெயராகிவிட்டால் நழுவும்: டொராண்டோவின் ஐஸ் ஹாக்கி அணி 1927 முதல் மேப்பிள் லீஃப்ஸ்தான், லீவ்ஸ் அல்ல.

எனவே ‘எஸ்’ சேர்ப்பதைப் பொதுவிதியாகவும், அந்தப் பத்துப் பதின்மூன்று சொற்களை மூடிய பட்டியலாகவும் கற்பிப்பதே முறை. ஷீஃப் போன்ற அரிய சொல் எதிர்ப்பட்டால் பழைய சூத்திரம் உதவியிருக்கும் என்பது உண்மை. ஆனால் புதுச்சொல் ஒவ்வொன்றிலும் தவறாக ஊகிக்க வைப்பதைவிட அந்த இழப்பு சிறிது. வினாத்தாள் திருத்துவோரும் ஹூஃப்ஸ் என்று எழுதிய மாணவரின் மதிப்பெண்ணைக் குறைக்கத் தேவையில்லை.