ரிமோட் கூட்டத்துக்கு ஒரு கறுப்புக் கட்டி

பிராட்லிங்க் ஆர்எம்4 மினியைக் கையில் எடுத்ததும், இதுவா நம் வீட்டு ரிமோட்டுகளை எல்லாம் தூக்கிச் சாப்பிடப்போகிறது என்று சந்தேகம் வரும். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புக் கட்டி. சேனல் மாற்ற ஒரு பட்டன்கூட அதில் கிடையாது. பின்னால் மைக்ரோ யுஎஸ்பி துளை ஒன்று, அவ்வளவுதான். பழைய போன் சார்ஜரில் செருகி, டிவி கண்ணுக்குத் தெரிகிற அலமாரியில் வைத்து, வைஃபையில் சேர்த்துவிட்டால், போன் செயலியில் நாம் தட்டுவதை ஐஆர் எனும் அகச்சிவப்பு ஒளியாக்கி அறை முழுக்க வீசும். டிவி, செட்-டாப் பாக்ஸ், சவுண்ட்பார், ஏசி எல்லாம் தத்தம் சொந்த ரிமோட்தான் கூப்பிடுகிறது என்று நம்பிக் கீழ்ப்படியும். இரண்டு மூன்றாயிரம் ரூபாய்க்கு இது பெரிய வாக்குறுதி.

பொருத்தும்போது இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். இது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். வீட்டு ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸையும் ஒரே பெயரில் ஒளிபரப்பினால் முதல் இணைப்பிலேயே தகராறு வரலாம். அந்த நேரத்துக்கு மட்டும் இரண்டையும் வேறு வேறு பெயரில் பிரித்துக்கொள்வது நல்லது. இரண்டாவது, பக்கத்திலேயே இருக்கிறதே என்று டிவியின் யுஎஸ்பி துளையில் செருகாதீர்கள். பல டிவிகளில், டிவி அணைந்தால் அந்தத் துளைக்கு வரும் மின்சாரமும் போய்விடும். பிறகு டிவியைப் போடச் சொல்லி யாரிடம் கேட்பது?

பிரபல பிராண்டு டிவிக்கும் ஏசிக்கும் கட்டளைகள் செயலியிலேயே தயாராக இருக்கின்றன. கேபிள் பெட்டி, ஊர்பேர் தெரியாத சவுண்ட்பார் போன்றவற்றுக்கு நாமே கற்றுக்கொடுக்க வேண்டும். பழைய ரிமோட்டைக் கட்டிக்கு நேராகப் பிடித்து, செயலி கேட்கும்போது பட்டனை ஒரு தட்டு தட்டினால் போதும். அழுத்திப் பிடிக்கக் கூடாது. பரவலாகப் புழங்கும் என்இசி முறையில் ஒரு கட்டளை 9 மில்லிசெகண்ட் ஒளியோடு தொடங்கும், 4.5 மில்லிசெகண்ட் இருட்டு. அதன்பின் 32 பிட் தகவல். விரலை எடுக்காமல் இருந்தால் முழுக் கட்டளை திரும்ப வராது. ‘அதேதான், அதேதான்’ என்று சுமார் 110 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை சின்னச் சமிக்ஞைதான் வரும். அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால், சத்தம் ஒரு படி ஏற வேண்டிய இடத்தில் நாலு படி ஏறும். ரிமோட் உயிரோடு இருக்கிறதா என்பதிலேயே சந்தேகம் இருந்தால், அதை போனின் செல்ஃபி கேமரா முன்னால் நீட்டிப் பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் ஊதா நிறத்தில் மினுக்குவது தெரியும்.

இன்னொரு வில்லங்கம், கற்றுக்கொள்ளும் எந்தக் கருவிக்கும் பொதுவானது. பிலிப்ஸ் கொண்டுவந்த ஆர்சி5 முறையில் ஒவ்வொரு புதிய அழுத்தத்துக்கும் ஒரு பிட் மாறி மாறி வரும்: ‘இது புது அழுத்தம், பழையதன் தொடர்ச்சி இல்லை’ என்று சொல்ல. பதிவு செய்ததை அப்படியே ஒப்பிக்கும் கருவிக்கு அந்தப் பிட்டை மாற்றத் தெரியாது. எனவே 11ஆம் சேனலுக்கு 1, 1 என்று தட்டினால், இரண்டாவது 1-ஐ விரல் எடுக்காத தொடர்ச்சி என்று எண்ணிப் பெட்டி விழுங்கிவிடக்கூடும். 12 ஒழுங்காக வரும், 11 வராது. எழுந்து போய் வைஃபையைத் திட்டிப் பயனில்லை. அதே பட்டனை இரண்டு முறை கற்றுக்கொடுத்து, ஒவ்வொரு பிட்டோடும் ஒன்றாக இரண்டு ‘1’ வைத்துக்கொள்வதுதான் வழி.

இதெல்லாம் ஒரு மாலை நேரத் தலைவலி. உண்மையான சிக்கல் ‘சீன்’ என்று செயலி அழைக்கும் வசதியில் இருக்கிறது. டிவியைப் போடு, இரண்டு செகண்ட் பொறு, பெட்டியைப் போடு, சவுண்ட்பாரைப் போடு, உள்ளீட்டை மாற்று: இவ்வளவையும் கோத்து ஒரே பட்டனில் வைக்கலாம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் நம் ரிமோட்டுகளில் போடவும் அணைக்கவும் ஒரே பட்டன்தான். ஐஆர் ஒருவழிப் பாதை. எது எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்று கட்டிக்குத் தெரியவே தெரியாது. இங்கேதான் நம் ஊர் கரண்ட் உள்ளே வருகிறது. கரண்ட் போய் வந்தால் எங்கள் வீட்டு கேபிள் பெட்டி தானாகவே விழித்துக்கொள்ளும். டிவி சிவப்பு விளக்கோடு ஸ்டாண்ட்பையில் நிற்கும். அந்த நிலையில் ‘டிவி பார்’ சீனைத் தட்டினால் டிவி எரியும், பெட்டி அணையும். மறுபடி தட்டினால் டிவி அணையும், பெட்டி எரியும். இந்தக் கண்ணாமூச்சிக்கு முடிவே இல்லை. சில டிவிகளுக்குப் போடத் தனி, அணைக்கத் தனி என்று கட்டளைகள் உண்டு. ஆனால் அவை ரிமோட்டில் பட்டனாக இல்லாததால் கற்றுக்கொடுக்க வழியில்லை.

இது புதிய பிரச்சினையும் அல்ல. ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், சிஎல் 9 என்ற கம்பெனி வைத்து 1987இல் ‘கோர்’ என்ற ரிமோட்டை விற்றார். மற்ற ரிமோட்டுகளிடம் கற்றுக்கொள்வது, கட்டளைகளைக் கோப்பது இரண்டையும் அது அன்றே செய்தது. சாதாரண வீடுகளுக்கு அது தலைக்குமேல் போனது. இந்த வகையில் நன்றாக யோசித்துச் செய்தது ஹார்மனிதான். கனடாவில் பிறந்த அந்த ரிமோட்டை 2004இல் லாஜிடெக் வாங்கியது. எது எரிகிறது என்று தானே கணக்கு வைத்துக்கொள்ளும். கணக்குத் தப்பினால் ‘ஹெல்ப்’ பட்டனை அழுத்தலாம், ‘டிவி எரிகிறதா?’ என்று நம்மையே கேட்டுத் திருத்திக்கொள்ளும். தனக்குத் தெரியாததை மனிதரிடம் கேட்கும் அந்தப் பணிவு இன்றைய செயலிகளில் அரிது. 2021 ஏப்ரலில் லாஜிடெக் ஹார்மனி ரிமோட் தயாரிப்பை நிறுத்திவிட்டதாக அறிவித்தது.

ஆனால் என் பெரிய ஆட்சேபம் தொழில்நுட்பம் பற்றியது அல்ல. கட்டி வந்த வாரத்தில் அம்மா கேட்டார்: “சீரியல் பாக்கறதுக்கு உன் போன் வேணுமாடா? நீ ஆபீஸ் போயிட்டா?” ரிமோட் ஹாலில் கிடக்கும் பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிடுங்கலாம், சோபா இடுக்கில் தொலைக்கலாம். போனுக்குள் போன ரிமோட் ஒருவருடைய பையில் இருக்கிறது, பூட்டுப் போட்டு. அலெக்ஸாவோடு இணைத்தால் “டிவி ஆன்” என்று சொல்லலாம், அது அம்மாவுக்கும் வரும். ஆனால் விளம்பரம் வந்ததும் சத்தத்தைக் குறைக்க வாயைத் திறந்து ஒரு மிஷினிடம் கெஞ்சுவதற்கு, கட்டைவிரல் பார்க்காமலே கண்டுபிடிக்கும் பட்டன் ஆயிரம் மடங்கு மேல்.

இன்னொன்று: ஃபயர் டிவி ஸ்டிக்கின் ரிமோட் ஸ்டிக்கோடு பேசுவது புளூடூத்தில். ஐஆர் மட்டுமே தெரிந்த இந்தக் கட்டியால் ஸ்டிக்கின் பக்கத்திலேயே போக முடியாது. ஆக, ‘எல்லாவற்றுக்கும் ஒன்று’ என்ற பேச்சு அங்கேயே அடிபடுகிறது.

கட்டி வாங்குவதற்கு முன்னால், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் ரிமோட்டுகளைப் பாருங்கள் என்பேன். எச்டிஎம்ஐ ஒயரின் 13ஆவது முனை, கருவிகள் தங்களுக்குள் கட்டளை பரிமாறிக்கொள்ளவே இருக்கிறது. சிஇசி என்று பெயர். சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று ஆளுக்கொரு பெயரில் டிவி மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். அதைப் போட்டுவிட்டு, சவுண்ட்பாரை ஏஆர்சி என்று எழுதிய துளையில் செருகினால், டிவி ரிமோட்டின் சத்தப் பட்டன் சவுண்ட்பாருக்கு வேலை செய்யும். காசு செலவில்லாமல் ஒரு ரிமோட் குறைந்தது. ஃபயர் ஸ்டிக் ரிமோட்டின் பவர், சத்தப் பட்டன்கள் டிவியோடு ஐஆரில் பேசும்; செட்டிங்ஸில் எக்விப்மென்ட் கண்ட்ரோல் பகுதிக்குப் போனால் சவுண்ட்பாரையும் சேர்க்கலாம்.

கேபிள் பெட்டியோ இன்னும் பல வீடுகளில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் தொங்குகிறது. அதற்கு சிஇசி எட்டாது. ஆனால் பல டிடிஎச், கேபிள் ரிமோட்டுகளின் மேல் பக்கத்தில் கோடு போட்டுப் பிரித்த நாலைந்து பட்டன்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவை கற்றுக்கொள்ளும் பட்டன்கள். பெரும்பாலும் முறை இதுதான்: ‘செட்’ பட்டனைச் சிவப்பு விளக்கு நிலையாக எரியும்வரை பிடியுங்கள். இரண்டு ரிமோட்டையும் மூக்கோடு மூக்கு வையுங்கள். இதில் பவரைத் தட்டி, டிவி ரிமோட்டிலும் பவரைத் தட்டுங்கள். விளக்கு சிமிட்டினால் பாடம் ஏறிவிட்டது. சத்தம், உள்ளீடு இரண்டுக்கும் அதேபோல் செய்துவிட்டு மறுபடி ‘செட்’. அம்மாவுக்கு இப்போது ஒரே ரிமோட். டிவிக்குத் தனிப் பட்டன், பெட்டிக்குத் தனிப் பட்டன் என்பதால் கரண்ட் போய் வந்தாலும் குழப்பமில்லை. உங்கள் ரிமோட்டில் இந்த வசதி இல்லையென்றால், சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கற்றுக்கொள்ளும் ரிமோட் கேட்டு வாங்கலாம்.

அப்படியானால் கட்டி வீணா? இல்லை, ஏசிக்கு அது அருமை. பெரும்பாலும் ஏசி ரிமோட் ஒவ்வொரு அழுத்தத்திலும் வெப்பநிலை, ஃபேன் வேகம், கூலா டிரையா என்று முழு நிலையையும் அனுப்புகிறது. அதனால் எரிகிறதா, அணைந்ததா என்ற கணக்கே தேவையில்லை. ‘24-இல் போடு’ என்றால், முன்பு எப்படி இருந்தாலும் 24-இல் வந்து நிற்கும். விடிகாலை நாலு மணிக்கு அணைக்கச் சொல்லி வைக்கலாம், ஆபீஸிலிருந்து கிளம்பும்போதே போடலாம். ஐஆர் சுவரைத் தாண்டாது என்பதால் ஒரு கட்டி ஒரு அறைக்குத்தான். எங்கள் வீட்டில் அது ஹாலைவிட்டுப் படுக்கையறைக்குக் குடிபோய்விட்டது.

ஏசி வைத்திருப்பவர்கள் ஆர்எம்4 மினியை வாங்கலாம். டிவிக்காக மட்டும் என்றால் வேண்டாம். வேலையில்லாமல் போன ரிமோட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சவுண்ட்பாரில் புளூடூத் இணைக்கவோ, டிவியின் மெனுவுக்குள் நுழையவோ என்றாவது அசல்தான் கேட்கும். பென்சில் பேட்டரியை மட்டும் கழற்றிவிட்டு டிராயரில் போடுங்கள், இல்லாவிட்டால் அது கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.