அச்சிட்ட கருவிழியும் கரும்புச் சோகையும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னசேலம் வட்டாரத்தில் கரும்பும் மக்காச்சோளமும் விளைகின்றன. சோகை கண்ணில் கீறினால் தாய்ப்பால் விடுவதும், மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்குவதும் கிராமத்து வழக்கம். அது ஸ்டீராய்டு சொட்டாக இருந்துவிட்டால் பூஞ்சை பெருகும். புண் ஆறினாலும் கண்ணில் பூ விழும். பிறகு கருவிழி மாற்றுதான் வழி. தானக் கண்களோ போதவில்லை.

இந்த இடத்தில்தான் உயிரி அச்சு நம்பிக்கை தருகிறது. 2022 ஆகஸ்டில் ஹைதராபாத்தின் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனை, ஐஐடி, சிசிஎம்பி ஆய்வு மையம் மூன்றும் சேர்ந்து, தாங்கள் அச்சிட்ட கருவிழியை முயலின் கண்ணில் பொருத்தியதாக அறிவித்தன. மாற்றுக்கு உதவாத தானக் கருவிழியிலிருந்து செல்களை நீக்கி, எஞ்சும் சட்டகத்தை மையாக்கி, மனிதக் கண்ணின் ஸ்டெம் செல்களைச் சேர்த்து அச்சிடுகிறார்கள். வீணாகும் கண்ணும் பயன்படுகிறது. ஒரு கண்ணிலிருந்து மூன்று கருவிழி செய்யலாம் என்கிறார்கள். இது பெரிய சாதனை.

ஆனால் மூலப்பொருள் இன்னமும் தானக் கண்தான். இனிக் கண்தானமே வேண்டாம் என்று யாராவது புரிந்துகொண்டால் கேடு. இன்னொன்று: கருப்புப் பூஞ்சையில் முகம் சிதைந்தவர்களுக்கு ஐஐடி மெட்ராஸ் டைட்டானியத்தில் அச்சிடும் முக எலும்பு, அளவு பொருந்தி உறுதியாக நின்றால் போதும். கருவிழியோ உயிரோடும் தெளிவோடும் ஆண்டுக்கணக்கில் இருந்தாக வேண்டும். அச்சிட்டதானாலும் தைக்கத் தேர்ந்த கை வேண்டும். உடல் அதை நிராகரிக்கிறதா என்று பார்க்கத் திரும்பத் திரும்ப மருத்துவரிடம் போக வேண்டும். கூலியை விட்டுவிட்டு கல்வராயன் மலையிலிருந்து எத்தனை முறை இறங்கி வர முடியும்?

எல்லாப் பார்வையிழப்புக்கும் இது மருந்தும் அல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்களைக் கொன்ற மெத்தனால், பார்வை நரம்பைத் தாக்கும் நஞ்சு. அங்கே கருவிழியை மாற்றிப் பயனில்லை.

என்னை உறுத்துவது வேறு. 1990களில் மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சத்தில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டார்கள். பின்னர் அதே பகுதியில் கிராமத் தொண்டர்களைக் கொண்டு, கீறல் பட்ட இரண்டு நாளுக்குள் குளோராம்பெனிகால் களிம்பை, சிலருக்குக் குளோட்ரிமசோலும் சேர்த்து, போட்டுப் பார்த்தபோது, ஏறக்குறைய எல்லாக் கண்ணும் புண்ணாகாமல் ஆறின. அந்த முடிவு 2006இலேயே வெளிவந்துவிட்டது. அச்சு ஆய்வுக்குத் தரும் பணத்தில் ஒரு ரூபாயும் குறைய வேண்டாம். ஆனால் கரும்பு வெட்டு தொடங்குமுன் இந்தக் களிம்பு ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும், கிராம செவிலியர் பையிலும் இருக்க வேண்டும்.